கம்பியில்லா மெஷ் வலையமைப்பில் சேவைத்தரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பிவழி வலையமைப்பில் சேவைத்தரத்தை, அதாவது அழைப்பு போன்ற அவசரத் தரவு தாமதமின்றிப் போவதை, காப்பது ஓரளவு எளிது. ரவுட்டரின் வெளிவாசலில் எந்தப் பேக்கெட் (தரவுத் துண்டு) முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெளியே போகும் கம்பி அந்த ரவுட்டருக்கே உரியது. கணுக்கள் எனப்படும் ரேடியோ கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பேக்கெட்டைக் கடத்திவிடும் மெஷ்ஷில் அந்தத் தனியுரிமை யாருக்கும் கிடையாது. ஒரு கணு அனுப்பும்போது, அதே சேனலில் அதன் சிக்னல் எட்டும் தொலைவில் உள்ள மற்ற கணுக்கள் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். ஆகவே இங்கே பங்கிடப்படுவது சேனல் நேரம். இதை மறந்து, கம்பி வலையமைப்பின் அமைப்புகளை அப்படியே கொண்டுவந்து பொருத்துவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன.

அடிக்கடி கண்ணில் படும் தவறு, முக்கியம் என்று தோன்றும் எல்லாவற்றையும் குரல் வகையில் தள்ளுவது. 2005இல் வந்த, வைஃபைக்கான 802.11இ தரநிலை போக்குவரத்தைக் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்காகப் பிரிக்கிறது. குரலுக்குக் காத்திருப்பு குறைவு. அது எப்படிக் குறைகிறது என்று பார்த்தால் ஆபத்தும் விளங்கிவிடும். வழக்கமான அமைப்பில், சாதாரண வகைப் பேக்கெட்டை அனுப்புமுன் கணு 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கலில் எடுத்து, அத்தனை சிறு இடைவெளிகள் காத்திருக்கும். குரல் வகைக்கு 0 முதல் 3 வரைதான். இரண்டு கணுக்கள் ஒரே நேரத்தில் குலுக்கினால் ஒரே எண் விழுந்து மோதும் வாய்ப்பு முன்னதில் பதினாறில் ஒன்று, பின்னதில் நான்கில் ஒன்று. மோதிய பிறகு சாதாரண வகையின் வரம்பு படிப்படியாக 1023 வரை விரியும். குரலின் வரம்பு 7ஐத் தாண்டாது. அதாவது நெரிசலில் ஒதுங்கி நிற்கவே அதற்கு இடமில்லை. எப்போதாவது வந்துபோகும் சிறு பேக்கெட்டுகளுக்கு இது பொருந்தும். கோப்புப் பதிவிறக்கத்தையும் காமிரா ஓட்டத்தையும் இதே வகையில் ஏற்றினால், முன்னுரிமை பெற்றவை ஒன்றையொன்று மோதியே வீணாகும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: குரல் பேக்கெட், குரல் வரிசைக்கே போய்ச் சேராதது. இணையத் தொலைபேசிகள் பேக்கெட்டின் தலைப்பில் முன்னுரிமையைக் குறிக்கும் டிஎஸ்சிபி புலத்தில் பெரும்பாலும் 46 என்று குறிக்கின்றன. பல வைஃபை கருவிகள் அந்த ஆறு பிட்டுகளில் முதல் மூன்றை மட்டுமே பார்க்கும். 46ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. முதல் மூன்று பிட்டுகள் 101, அதாவது 5. வைஃபையின் 0 முதல் 7 வரையான முன்னுரிமைக் கணக்கில் 5 வீடியோவுக்கு உரியது. குரலுக்கு 6 அல்லது 7 வேண்டும். 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தரநிலை ஆவணம் இந்த முரணைச் சுட்டிக்காட்டி, 46ஐ 6க்குப் பொருத்தும்படி பரிந்துரைக்கிறது. மெஷ்ஷில் இதை, இணையத்தோடு இணையும் நுழைவாயிலில் மட்டும் திருத்திப் பயனில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு கணுவிலும் ஒரே பொருத்த அட்டவணை இருக்க வேண்டும்.

அடுத்தது கொள்ளளவை மிகையாகக் கணக்கிடுவது. இணைப்பு 54 மெகாபிட், ஓர் அழைப்புக்கு 64 கிலோபிட், ஆகவே நூற்றுக்கணக்கான அழைப்புகள் போகும் என்ற கணக்கு காகிதத்தோடு சரி. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பேக்கெட். தலைப்புகளோடு ஏறத்தாழ 200 பைட். அந்த வேகத்தில் பிட்டுகள் போக 30 மைக்ரோவிநாடி போதும். ஆனால் பேக்கெட்டுக்கு முன்னால் போகும் முன்னுரைச் சிக்னல், காத்திருப்பு, கிடைத்தது என்று திரும்பி வரும் ஒப்புகை எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் அதே செலவு மீண்டும் விழும். ஒரே சேனலில் சங்கிலியாக அமைந்த கணுக்களில் கொள்ளளவு கோட்பாட்டளவில் நான்கில் ஒன்றாகவும், 802.11 உருவகச் சோதனையில் ஏறத்தாழ ஏழில் ஒன்றாகவும் சுருங்குவதை எம்ஐடி ஆய்வாளர்கள் 2001லேயே காட்டிவிட்டார்கள். கணுக்களை ஒன்றோடொன்று சேர்க்கும் முதுகெலும்பு இணைப்புக்குத் தனி ரேடியோவும் தனி சேனலும் கொடுப்பது, எந்த முன்னுரிமை அமைப்பையும்விட அதிகம் உதவும் என்பது என் கருத்து.

தாவல் எண்ணிக்கையை வைத்து வழி தேர்ந்தெடுப்பதும் பழைய தவறுதான். குறைந்த தாவல் என்றால் நீண்ட, நலிந்த இணைப்புகள். மெஷ்ஷுக்காக 2011இல் வந்த 802.11எஸ் தரநிலையின் வழித்தேர்வு அளவுகோல் சேனல் நேரத்தைப் பார்க்கிறது, ஆனால் இணைப்பில் உள்ள சுமையைப் பார்ப்பதில்லை. சுமையையும் சேர்த்துவிடலாம் என்று சிலர் முனைகிறார்கள். கவனமில்லாமல் செய்தால் வழி இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்கும், அழைப்பில் குரல் துண்டுதுண்டாகும்.

பேக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர் பெரிதாக இருந்தால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் தவறு. உண்மையான வேகம் 6 மெகாபிட்டாகச் சரிந்த ஓர் இணைப்பில் 1500 பைட் பேக்கெட்டுகள் நூறு காத்திருந்தால், கடைசிப் பேக்கெட்டின் தாமதம் 200 மில்லிவிநாடி. ஒருவழித் தாமதத்துக்கு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) ஜி.114 ஆவணம் பரிந்துரைக்கும் 150 மில்லிவிநாடி அந்த ஒரே தாவலில் தீர்ந்துவிடும். நுழைவாயிலில் நிலையான வேக வரம்பு வைப்பதும் இதற்கு முழுத் தீர்வாகாது; ரேடியோ இணைப்பின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் நேற்று சரியாக இருந்த எண் இன்று பொருந்தாது. வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்கியூ-கோடெல் போன்ற வரிசை மேலாண்மையும், கணுக்களுக்கிடையே சேனல் நேரத்தைச் சமமாகப் பகிரும் வசதியும் ஒவ்வொரு கணுவிலும் இயங்க வேண்டும். பின்னது இல்லையென்றால், மெதுவான ஒரே ஒரு கருவி எல்லோருடைய வேகத்தையும் தன் அளவுக்கு இழுத்துவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் நின்று வேகச் சோதனை செய்து திருப்தி அடைபவர்கள் உண்டு. கடைக்கோடிக் கணுவில் இருந்து, மற்ற கணுக்கள் பதிவேற்றத்தில் மும்முரமாக இருக்கும்போது, தாமதத்தை அளக்க வேண்டும். சராசரியை விட்டுவிட்டு மோசமான மதிப்புகளைப் பாருங்கள். போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் சோதனையைக் குறியிடாமல் செய்தால் அது சாதாரண வரிசையைத்தான் அளக்கும். குரல் வரிசையை அளக்க 46 குறி தேவை. இங்கும் ஒரு பொறி இருக்கிறது. பல பிங் கருவிகள் டிஎஸ்சிபி மதிப்பைக் கேட்பதில்லை, அது அடங்கிய முழு பைட்டையும் கேட்கின்றன. 46ஐ நான்கால் பெருக்கி 184 என்று கொடுக்க வேண்டும். அவசரத்தில் 46 என்றே கொடுத்தால் முதல் மூன்று பிட்டுகள் 001 ஆகி, சோதனைப் பேக்கெட் பின்னணி வரிசையில், எல்லோருக்கும் கடைசியாகப் போய் நிற்கும்.