வைஃபை பிரிண்ட் இழுத்தடிக்கிறதா? எங்கே தேங்குகிறது என்று முதலில் பாருங்கள்

பிரிண்ட் கொடுத்து ஒரு நிமிடம் கழித்துத் தாள் வந்தால், அலுவலகத்தில் முதல் பழி ரவுட்டர் மேல்தான் விழும். புது ரவுட்டர் வாங்கி மாட்டிய பிறகும் அதே ஒரு நிமிடம் ஆகிறது என்று புலம்புபவர்கள் நிறைய. தேக்கம் லேப்டாப்பிலும் இருக்கலாம், விண்டோஸ் பிரிண்டரோடு பேசும் வழியான 'போர்ட்'டிலும் இருக்கலாம், காற்றில் போகும் வைஃபையிலும் இருக்கலாம், பிரிண்டரின் தூக்கத்திலும் இருக்கலாம். எதையும் மாற்றும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று போதும்.

நோட்பேடில் ஒரு வரி அடித்து பிரிண்ட் கொடுங்கள். அடுத்து, வழக்கமாக இழுக்கும் அந்த பிடிஎஃப் கோப்பைக் கொடுங்கள். இரண்டு முறையும் பிரிண்ட் க்யூ, அதாவது அச்சுக்குக் காத்திருக்கும் கோப்புகளின் பட்டியல், திறந்திருக்கட்டும். பிரிண்ட் பெட்டி திறக்கவே பத்து நொடி ஆனால் கோளாறு போர்ட்டில். 'ஸ்பூலிங்' (கோப்பை அச்சுக்குத் தயார்செய்யும் கட்டம்) என்று நின்று, சைஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனால் லேப்டாப் திணறுகிறது. க்யூ 'பிரிண்டிங்' காட்டி, பிரிண்டர் விளக்கும் சிமிட்டி, தாள் மட்டும் நகராவிட்டால் வைஃபை அல்லது பிரிண்டரின் நினைவகம். முதல் தாள் தாமதம், மற்றவை சரசரவென வருகின்றன என்றால் பிரிண்டர் தூங்கி எழுகிறது, அவ்வளவுதான்.

கேபிள் போட முடியுமா?

மெல்லிய லேப்டாப்பில் லான் சொருகும் இடமே கிடையாது, அதற்கு வைஃபை வேண்டும். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிரிண்டருக்கு எதற்கு? பின்புறம் லான் போர்ட் இருந்தால், ரவுட்டரிலிருந்தோ ஸ்விட்சிலிருந்தோ ஒரு கேட் 6 கேபிள் இழுத்துச் சொருகுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். பல பிரிண்டர்களில் அந்த போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். அலுவலகப் பிரிண்டுக்கு அது தாராளம். ஒரு விஷயம்: கேபிள் சொருகியதும் பல மாடல்களில் வைஃபை தானாக அணைந்துவிடும், நெட்வொர்க்கில் பிரிண்டரின் விலாசமான ஐபி முகவரியும் மாறிவிடும். அதனால் கேபிள் வேலையை முடித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

போர்ட்

விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் பிரிண்டர் பல நேரம் 'டபிள்யூஎஸ்டி' போர்ட்டில் உட்கார்ந்துவிடும். பிரிண்டர் எங்கே என்று நெட்வொர்க்கில் தேடித்தேடிப் பேசும் முறை அது. பிரிண்டர் தூங்கினாலோ லேப்டாப் மூடித் திறந்தாலோ 'ஆஃப்லைன்' என்று காட்டுவது பெரும்பாலும் இதன் வேலை.

முதலில் பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள மேக் முகவரியை, அதாவது கருவியின் நிரந்தர அடையாள எண்ணை, பாருங்கள். லானுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு இருக்கும். பயன்படுத்துவது எதுவோ அதை எடுங்கள். ரவுட்டரில் ஐபி ஒதுக்கும் 'டிஎச்சிபி' பக்கத்தில் அந்த மேக்குக்கு ஒரு ஐபியை, உதாரணமாக 192.168.1.50, ரிசர்வ் செய்துவிட்டு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

பிறகு ஒவ்வொரு லேப்டாப்பிலும் பழைய பிரிண்டரை நீக்குங்கள். 'பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் 'ஆட் மேனுவலி' போய், ஐபி முகவரி வழியாகச் சேர்ப்பதைத் தேர்ந்து, வகையை 'டிசிபி/ஐபி டிவைஸ்' என்று வைத்து முகவரியைக் கொடுங்கள். டிரைவர் கேட்கும்போது தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த மாடலுக்கே எடுத்ததைக் கொடுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப் என்றால் ஏஆர்எம்64 டிரைவர்தான் ஏறும். அது கிடைக்காவிட்டால் வகையை 'ஐபிபி டிவைஸ்' என்று மாற்றி, விண்டோஸே தரும் பொது டிரைவரான ஐபிபி கிளாஸ் டிரைவர். டிசிபி/ஐபி வழியில் சேர்த்திருந்தால், கடைசியாக 'பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்', 'போர்ட்ஸ்', 'கான்ஃபிகர் போர்ட்' போய் பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' டிக்கை எடுங்கள். பொய்யான ஆஃப்லைன் பெரும்பாலும் அதோடு ஒழியும்.

லேப்டாப் திணறல்

இங்கேதான் கணக்கு சுவாரசியம். ஏ4 தாள் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஏறத்தாழ 4,960 × 7,016 புள்ளிகள். கறுப்பு-வெள்ளையில், சுருக்காமல், ஒரு பக்கம் சுமார் 4.3 எம்பி. அதையே முழு வண்ணப் படமாக்கினால் சுமார் 104 எம்பி. 2 எம்பி பிடிஎஃப் க்யூவில் 90 எம்பியாக ஊதிக்கிடப்பதன் ரகசியம் இதுதான். விலை குறைந்த லேசர்களில் பலவற்றுக்குப் பக்கத்தைத் தானே வரையும் திறன் கிடையாது. முழு வேலையும் லேப்டாப் தலையில். 4 ஜிபி ரேம், குறைமின் பிராசசர், பேட்டரி சேவர் மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' திறந்து 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் இருக்கிறதா பாருங்கள். எப்போதோ ஒரு பிடிஎஃபில் தமிழ் எழுத்து உடைந்ததற்காகச் சொல்லிக்கொடுத்த வைத்தியம், பிறகு எல்லாக் கோப்புக்கும் பழக்கமாகிவிடும். உடைகிற கோப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் படமாக அனுப்பாமல் கட்டளைகளாக அனுப்பும் பிசிஎல் 6 மொழியை பிரிண்டர் ஏற்குமானால், எழுத்தே அதிகமுள்ள கடிதம், பில் போன்றவற்றுக்கு அந்த டிரைவரை முதலில் முயலுங்கள். உள்சுற்றுக் காகிதங்களுக்கு 300 டிபிஐ, கறுப்பு-வெள்ளை போதும். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 64 ஜிபி லேப்டாப் நிரம்பிவிட்டால் ஸ்பூல் கோப்பு எழுதவே இடமிருக்காது.

காற்றில் தேக்கம்

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ping -n 20' என்று அடித்து பிரிண்டரின் ஐபியைக் கொடுங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று இருபது முறை அளக்கும் இதுதான் பிங். எல்லாம் 10 மில்லிசெகண்டுக்குள் என்றால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். நடுநடுவே 200, 300 என்று எகிறினாலோ விட்டுப்போனாலோ அலைவரிசையைப் பார்க்க வேண்டும்.

பல வைஃபை பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். லேப்டாப்பும் அதிலேயே இருந்தால் ஒரே தகவல் அதே காற்றில் இரண்டு முறை போகும்: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து பிரிண்டருக்கு. லேப்டாப்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பாதிச் சுமை குறையும். கெஸ்ட் வைஃபைக்கு மட்டும் மாற்றாதீர்கள். அங்கிருந்து பிரிண்டர் பொதுவாகத் தெரியாது. 2.4-க்கு சேனல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி ஒன்று உண்டு: யுஎஸ்பி ஹப். யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். மெல்லிய லேப்டாப்பில் போர்ட் குறைவு என்பதால் ஹப் எப்போதும் விலாவோடு ஒட்டியே கிடக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பிங் செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் நீளமான கேபிள் போட்டு ஹப்பைத் தள்ளி வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' டேபில், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கும் டிக்கையும் எடுங்கள். அந்த டேப் இல்லாத மாடல்களில் பேட்டரி சேவரை அணைத்துப் பாருங்கள்.

மிச்சம்

தூங்கும் பிரிண்டருக்கு ஸ்லீப் நேரத்தை முப்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆக்குங்கள். லேசர் பிரிண்டரை 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்: மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் கத்தி அணையும், பிரிண்டர் மறுபடி எழுந்து வைஃபையைத் தேடும். வீபிஎன் போட்டபோது மட்டும் பிரிண்ட் நின்றால், உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதிக்கும் தேர்வை அதில் இயக்குங்கள். அது நிர்வாகி கையில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் க்யூவில் பழைய கோப்பு அசையாமல் கிடந்தால், சர்வீசஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்கிருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பிறகு சேவையை மறுபடி தொடங்கி, நோட்பேடின் அந்த ஒரு வரியை அனுப்பிப் பாருங்கள்.