வீட்டில் செய்யும் சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்): எத்தனை மி.மீ. துல்லியம் போதும்?

ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் போகும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆகப் பிரிக்கும் டிரைவர் (1/16 மைக்ரோஸ்டெப்), ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ. கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு 0.0025 மி.மீ. வரும். அதைத் துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள்! அது காகிதக் கணக்கு மட்டுமே. நட்டில் உள்ள ஆட்டமும் சட்டத்தின் வளைவும் அதைப்போல் பல மடங்கு இருக்கும்.

முதலில், எதை வெட்டப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். மரம், எம்.டி.எஃப். என்றால் ±0.2 மி.மீ. தாராளம். அலுமினியப் பிராக்கெட்டுக்கு ±0.1. பேரிங் இறுக்கமாக உட்காரும் துளைக்கு 0.01 அளவில் துல்லியம் வேண்டும். அதை லேத்துக்கோ ரீமருக்கோ (துளையைத் துல்லிய அளவுக்குச் செதுக்கும் கருவி) விட்டுவிடுவதே நல்லது.

பிறகு 0.01 மி.மீ. டயல் கேஜால் (நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) இரண்டு சோதனைகள். ஒன்று, பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது நட்டின் ஆட்டத்தால் வீணாகும் நகர்வு: ஒரே திசையில் சிறிது நகர்த்தி டயலைப் பூஜ்யமாக்குங்கள். அதே திசையில் மேலும் 1 மி.மீ. போய், 1 மி.மீ. திரும்புங்கள். முள் பூஜ்யத்துக்கு வராமல் நிற்கும் மிச்சம்தான் பேக்லாஷ். சாதாரணப் பித்தளை நட்டில் 0.1 வந்தால் ஆச்சரியமில்லை. ஸ்பிரிங் வைத்த ஆன்டி-பேக்லாஷ் நட் பெருமளவு குறைக்கும்.

இரண்டு, வளைவு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்த நிலையில், ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் பகுதி) முனையை ஸ்பிரிங் தராசால் 2 கிலோ அளவுக்கு இழுங்கள். முள் 0.15 நகர்ந்தால், வெட்டும்போதும் ஏறக்குறைய அவ்வளவு விலகும். பேக்லாஷைச் சாஃப்ட்வேரில் ஓரளவு ஈடுகட்டலாம், வளைவை முடியாது. விலையுயர்ந்த பால் ஸ்க்ரூ (உருண்டைகள் மேல் ஓடும், ஆட்டம் குறைந்த ஸ்க்ரூ) வாங்குமுன் கேன்ட்ரியையும் (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இசட் அச்சையும் (மேலும் கீழும் நகரும் பகுதி) கெட்டிப்படுத்துங்கள்.