கண்ணாடிக் குவளையைப் படமெடுப்பது எப்படி?

விற்பனைக்கான கண்ணாடிக் குவளையைப் படமெடுக்க உட்காரும் எவரும் முதலில் அதன் முகத்தில்தான் விளக்கைக் காட்டுவார்கள். படத்தில் விளக்கு தெரியும், ஜன்னல் தெரியும், கேமராவும் கையுமாக நீங்களும் தெரிவீர்கள். குவளை மட்டும் சரியாகத் தெரியாது. வெளிச்சம் விழ வேண்டியது குவளைக்குப் பின்னால் இருக்கும் திரையில்.

1. மேசையின் பின்பக்கம் டிரேசிங் பேப்பரைத் திரையாக நிமிர்த்தி ஒட்டி, அதன் பின்னே ஒரு விளக்கை வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். குவளை திரைக்கு இரண்டடி முன்னால் நிற்கட்டும்.

2. பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். அதன்பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கைரேகையைக் கணினியில் அழிப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை.

3. முக்காலி அவசியம். 85 முதல் 100 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளையின் அளவு எஃப் 8 அல்லது 11, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100 போதும். செல்போன் என்றால் தள்ளி நின்று டெலி லென்ஸில் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவது) எடுங்கள். கிட்டே போனால் குவளையின் வடிவம் கோணலாகும்.

4. சூட்சுமம் இங்கேதான். இரண்டு கறுப்புச் சார்ட் அட்டைகளைக் குவளையின் இரு பக்கமும், படத்தில் விழாதபடி நிறுத்துங்கள். கேமராவில் பார்த்துக்கொண்டே ஓர் அட்டையை மெல்ல உள்ளே நகர்த்துங்கள். வெள்ளையில் கரைந்து கிடந்த விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு எழும். நகர்த்த நகர்த்தத் தடிக்கும். தடித்த கண்ணாடி விளிம்பு, பக்கத்தில் இருப்பதை வளைத்து நமக்குக் காட்டுவதால் வரும் கோடு இது. திரை, படத்தில் விழும் பரப்பான படச்சட்டத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் அதன் வெள்ளை, குவளையின் விளிம்புவரை சுற்றி வந்து கோட்டைத் தின்றுவிடும்.

5. வெள்ளையைப் பார்த்ததும் கேமரா படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் வெளிச்சத்தை, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் விளிம்பு வெளிறும்.

கறுப்புப் பின்னணி வேண்டுமா? பக்க அட்டைகளை எடுத்துவிட்டு, படச்சட்டத்தை மட்டும் நிரப்பும் அளவில் ஒரு கறுப்பு அட்டையைத் திரையின் நடுவில் மாட்டுங்கள். சுற்றிலும் மிஞ்சும் வெள்ளை, விளிம்புகளை ஒளிக்கோடுகளாக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஒரு தூசியைக்கூட மன்னிக்காது.

நன்னாரி சர்பத் போன்ற பானம் என்றால், எல்லாம் அமைந்தபின் புனல் வைத்து ஊற்றுங்கள். உள்சுவரில் தெறித்த துளிகளைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். வெளியே குளிர்ந்த நீர்த்துளிகள் வேண்டுமென்றால் கிளிசரினும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் வழிந்துவிடும்.