பி.ஓ.சி. படிவத்தில் கையெழுத்து வைக்க முன்

கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவருக்கு மெடிக்கல், கைரேகை, வேலை அனுமதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடிதத்தில் இருக்கிற திகதியைத் தவற விடாதீர்கள். வீடு மாறினால் உடனே அறிவியுங்கள். கையில் காசில்லையென்றால் லீகல் எயிட்டை (சட்ட உதவியை) கேளுங்கள். இதையெல்லாம் ஆரும் சொல்லித் தருவினம். கன வழக்குகள் சறுக்குகிற இடம் பி.ஓ.சி. (Basis of Claim, ஏன் அகதிக் கோரிக்கை வைக்கிறீர்கள் என்று சொல்லும்) படிவத்தில் உங்கள் கதையை எழுதுகிற பக்கங்கள்.

என்னோடு ஒரே பேஸ்மென்டில் இருந்த பெடியனை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது உண்மை. முதுகில் தழும்பு இருக்கிறது. எப்போது நடந்தது என்று படிவம் நிரப்பியவர் கேட்க, "கோயில் திருவிழா முடிஞ்சு கொஞ்ச நாளால" என்றிருக்கிறான். அவர் தன்பாட்டில் ஆகஸ்ட் 14 என்று போட்டுவிட்டார். பிறகு தாய் ஊரிலிருந்து அனுப்பிய ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்டில் இருந்த திகதி ஆகஸ்ட் 9. விசாரணையில் மெம்பர் (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்: "அடி வாங்க முதலே எப்படி மருந்து கட்டினீர்?"

அந்தப் படிவத்தை அவனுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. "எல்லாம் சரி தம்பி, இதில வையும், இதிலயும் வையும்" என்று பேனையைக் கொடுத்திருக்கிறார்கள். முழுவதும் தனக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது என்ற உறுதிமொழியும் அதே படிவத்தில்தான் இருக்கிறது. அதிலும் அவனுடைய கையெழுத்து. நினைக்க இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஆனபடியால், லோயரிடம் போக முதல் உங்கள் கதையை உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் திகதி போடுங்கள். தெரியாவிட்டால் மாதம், அதுவும் இல்லையென்றால் "அண்ணளவாக" என்று எழுதுங்கள். ஞாபகமில்லை என்பது குற்றமில்லை. ஊகித்து எழுதிய திகதிதான் பிறகு பொய்யாகத் தெரியும். ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எயார்போட்டில் அதிகாரி எழுதிய குறிப்புகளும் மெம்பரின் கைக்குப் போகும். களைப்பில் அரைகுறையாகச் சொன்னதும் அதில் இருக்கும். அதோடு, விசா விண்ணப்பத்தில் ஏஜென்சிக்காரன் எழுதியது, பாஸ்போர்ட் முத்திரைகள், ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாவற்றையும் படிவத்தோடு ஒத்துப் பாருங்கள். ஏதாவது முரண்பட்டால் கதையை வளைக்காதீர்கள். ஏன் முரண்படுகிறது என்று லோயருக்குச் சொல்லி அதையே எழுதுவியுங்கள். வென்ற வழக்கின் கதையைத் தந்து "இதைப் போல எழுது" என்கிற அண்ணைமாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழும்பி வாருங்கள். விசாரணையில் இருந்து பதில் சொல்லப்போவது அவர்களில்லை.

பிழை கண்டால் திருத்தலாம். மாற்றியதற்குக் கீழே கோடிட்டு, கையெழுத்தும் திகதியும் வைத்து, உறுதிமொழியோடு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். பெரிய சம்பவம் ஒன்றை விசாரணையன்றுதான் முதன்முதலாகச் சொன்னால், "ஏன் எழுதவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பெடியனின் வழக்கு இப்போது மேன்முறையீட்டில். முதல் விசாரணைக்கே கொடுத்திருக்கக்கூடிய ஆதாரத்தை அங்கே புதிதாக ஏற்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றுக்குத் தாய் இன்னமும் அலைகிறா. அதை ஏற்பார்களா என்று லோயரும் சொல்கிறாரில்லை.