ஏலகிரியில் சிறுவர் முகாம்: புதிதாக நடத்தப்போகும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு

கத்திரி வெயிலில் வேலூரில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தியவர்களுக்குத் தெரியும், பதினொரு மணிக்கெல்லாம் பிள்ளைகள் வாடிவிடுவார்கள். அதனால் காட்பாடியில் எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்.ஸைக் காலையோடு முடித்துவிட்டு, ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை உள்ளவர்களை மூன்று நாள் ஏலகிரிக்கு அழைத்துப் போகிறோம். இந்த வருடம் முதல்முறையாகக் கிளம்பும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நிகழ்ச்சி நிரலை அடைத்து வைக்காதீர்கள். பாட்டும் பாடமும் கீழே ஊரிலும் நடக்கும். ஒரு அக்காவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்பது நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கிடைப்பதில்லை. மலையில் அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு குழுத் தலைவர் என்று வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெண் பிள்ளைகள் இருக்கும் பக்கத்தில் இரவில் இரண்டு அக்காமார் படுக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அது ஆயராக இருந்தாலும் சரி. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று முகாமுக்கு முன்னால் எல்லாத் தலைவர்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். 1098 என்ற சிறுவர் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதத்தில் வெறும் கையெழுத்து போதாது. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாத சாப்பாடு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேளுங்கள். தூக்கத்தில் சிறுநீர் போகும் பழக்கம் உண்டா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஓரத்துப் படுக்கை, அடியில் ஒரு ரப்பர் ஷீட், இரவு ஒரு மணிக்கு ஓசைப்படாமல் எழுப்பி அழைத்துப் போக ஓர் ஆள். மற்ற பிள்ளைகளுக்கு இது தெரியவே கூடாது. பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் ஆசையாக வருவார்கள். ஜெபமும் வேதபாடமும் இருக்கும் என்று அவர்கள் அம்மா அப்பாவிடம் முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வேலூரிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, வெயில் ஏறுவதற்குள் பொன்னேரி அடிவாரம் வந்துவிடலாம். அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும்போது இரண்டு இட்லி போதும். பாலும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். வாந்தி வருகிற பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வையுங்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழமும் கவரும் கொடுங்கள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் உண்டு. பலகையைப் பார்த்து எல்லோரும் சத்தமாக வாசிக்கட்டும். கண் வெளியே இருந்தால் பாதிக் குமட்டல் போய்விடும்.

அப்புறம் முதல் ராத்திரி. பகல் முழுக்க ஆடிய பிள்ளை விளக்கணைத்ததும் அழும். பெரும்பாலும் சத்தம் வராது, போர்வைக்குள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்கும். “பெரிய பிள்ளை அழலாமா” என்று சொல்லாதீர்கள். உடனே போன் போட்டு அம்மாவிடம் கொடுக்கவும் வேண்டாம், அழுகை இரண்டு பக்கமும் கூடிவிடும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீட்டில் இந்நேரம் யார் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேளுங்கள். நாய்க்குட்டி, பாட்டியின் சீரியல், தம்பியின் குறும்பு என்று பேச்சு வளர வளரத் தூக்கம் வந்துவிடும். தலையில் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்யுங்கள், போதும். மறுநாள் காலை முதல் வேலையாக அம்மாவிடம் பேச வையுங்கள்.

இதனால்தான் ராத்திரிக் கூட்டத்தில் நரகம், கடைசி நாள் என்று பயமுறுத்தும் பிரசங்கம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். களைத்துப்போன பிள்ளை அழுதுகொண்டே கை தூக்குவதை இயேசுவுக்குத் தன்னைக் கொடுத்த அர்ப்பணிப்பு என்று எண்ணிக்கையில் சேர்க்க எனக்கு மனம் வராது. கேம்ப் ஃபயரில் ஆக்‌ஷன் பாட்டு, சின்ன நாடகம், சுட்ட சோளம் இருக்கட்டும். பாடத்தைக் காலையில் வையுங்கள். 121-ஆம் சங்கீதத்தில் எட்டே வசனங்கள்தான். மலையைப் பார்த்துக்கொண்டு கைச்சைகையோடு சொன்னால் மூன்று நாளில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும்.

ஒரு காலை ஐடா ஸ்கடரின் கதையைச் சொல்லுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வலியில் இருந்த மனைவிக்காக அவரைத் தேடி வந்தார்கள். மருத்துவரான அவருடைய அப்பா வருவதாகச் சொல்லியும், ஆண் வைத்தியர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தியாவில் தங்கவே விரும்பாத ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். கதை முடிந்ததும் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

மே மாதத்தில் சாயங்காலம் இடியோடு கோடை மழை பிடிக்கும். அதனால் ஏலகிரியில் உள்ள சுவாமிமலைக் குன்று ஏற்றத்தை விடிகாலையிலேயே வையுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரிடமும் விசில். இடி கேட்டால் மைதானத்தையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். புங்கனூர் ஏரியில் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் படகில் ஏறக் கூடாது. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நம் வண்டியும் ஓட்டுநரும் இரவு முழுக்க முகாமிலேயே இருக்கட்டும். பலாப்பழ சீசன், அதனால் வாங்கிக் கொடுங்கள், அளவோடு.

இறங்கும்போது ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துங்கள், அது பிள்ளைகள் எதிர்பார்க்கும் விஷயம். நம் சபைக் கோயில் வாசலில் வண்டி நின்றதும் கூட்டத்தில் பிள்ளைகளை இறக்கி விட்டுவிடாதீர்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் வந்து மறுபடி கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்புங்கள். சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு வேறு யாராவது வந்தால், அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்கும் வரை பிள்ளை உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.