கூட்டுப் பட்டா வாடகை வீட்டை விற்கிறீர்களா? வரி பங்குபங்காகத்தான்

மதுரை எஸ்.எஸ்.காலனியில் அப்பா 1988-ல் வாங்கி வாடகைக்கு விட்ட வீடு. 2015-ல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, மகன், சிங்கப்பூரில் வசிக்கும் மகள் மூவருக்கும் சமபங்கு. 2025-26 நிதியாண்டில் 90 லட்சத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முழுப் பணத்தையும் மகன் கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளாதீர்கள். லாபம் அவரவர் பங்குக்குத்தான் வரிக்கு வரும். ஆனால் முழுத்தொகையும் ஒருவர் கணக்கில் இருந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். யாருக்கு எவ்வளவு பங்கு, யாருடைய பான் எண், எந்த டிடி என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகலாம்.

அடுத்து அடக்கவிலை, அதாவது லாபம் காண விற்ற விலையில் கழிக்கும் தொகை. அப்பா வாங்கிய விலைக்குப் பதிலாக 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பு) தாண்டக் கூடாது. எனவே பத்திரப்பதிவு அலுவலகத்தில் 2001-ம் ஆண்டு வழிகாட்டி மதிப்பை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் போங்கள்.

அந்த மதிப்பு 12 லட்சம் என்றால் ஒவ்வொருவருக்கும் விற்பனை 30 லட்சம், அடக்கம் 4 லட்சம். 12.5 சதவீத வழியில் 26 லட்சத்துக்கு வரி 3,25,000. 23.7.2024-க்கு முன் வந்த வீடு என்பதால் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2001-02-ல் 100 ஆக இருந்த பணவீக்கக் குறியீடு 2025-26-ல் 376, அதைப் போட்டால் அடக்கம் 15.04 லட்சமாகும், மிச்சம் 14.96 லட்சத்துக்கு 20 சதவீதம் 2,99,200. எது குறைவோ அதையே கட்டலாம். குறியீட்டை அப்பா வாங்கிய காலத்திலிருந்து கணக்கிடலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. இரண்டு வழியிலும் வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) உண்டு. மகளுக்கு இந்த 20 சதவீத வழி கிடையாது. அம்மாவுக்கு வேறு வருமானம் குறைவு என்றால், அடிப்படை விலக்கில் (வரியில்லா வருமான வரம்பு) மீந்திருப்பதை லாபத்தில் கழிக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதுவும் இல்லை.

இன்றைய வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். அது 98 லட்சமாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு கோடியாக இருந்தால் விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அப்போது ஒரு கோடிக்கே விற்றதாக வரி போடுவார்கள்.

அதிகம் சிக்குவது டிடிஎஸ்ஸில், அதாவது விலையிலிருந்து வாங்குபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரியில். பங்கு 30 லட்சம்தானே என்று விட்டுவிட முடியாது. மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குபவர் அம்மா, மகன் பங்கில் 1 சதவீதம் பிடித்து, அவரவர் பான் எண்ணில் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மகள் பங்கில் செஸ்ஸோடு 13 சதவீதம், அதாவது 3.90 லட்சம் பிடிக்க வேண்டும். லாபத்தில் இல்லை, முழு 30 லட்சத்தில். அவருடைய உண்மையான வரியோ 3.38 லட்சம்தான். குறைவாகப் பிடிக்க வருமானவரித் துறையின் சான்றிதழை மகள் முன்கூட்டியே வாங்கலாம். கிரயத்துக்கு வாரங்கள் இருக்கும்போதே விண்ணப்பிப்பது அவசியம். எல்லோருக்கும் 1 சதவீதம் பிடித்தால் குறைவுக்கும் வட்டிக்கும் வாங்கியவர்தான் பொறுப்பு. விவரம் தெரிந்தவர் கடைசி நேரத்தில் பதிவுக்கே மறுப்பார்.

வரி விலக்கும் ஆளுக்கு ஆள் தனி. வீட்டை விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற 2 ஆண்டுக்குள்ளோ இந்தியாவில் வேறு வீடு வாங்கவோ, 3 ஆண்டுக்குள் கட்டவோ லாபத்தைப் போடலாம். ரிட்டன் கடைசித் தேதிக்குள் செலவாகாத தொகையை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். அம்மாவின் லாபத்தில் வாங்கும் வீட்டை மகன் பெயரில் மட்டும் பதிந்தால் அம்மாவின் விலக்கு தகராறுக்கு உள்ளாகும். வீடு வேண்டாம் என்பவர், 6 மாதத்துக்குள் ஆளுக்கு 50 லட்சம் வரை ஆர்இசி போன்ற அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 5 ஆண்டுக்குப் போடலாம்.

கிரயத் தேதிவரை வந்த வாடகையும் மூவரின் ரிட்டனிலும் பங்குப்படி வர வேண்டும். குடித்தனக்காரரின் அட்வான்ஸை வாங்குபவர் ஏற்றுக்கொண்டு விலையில் கழித்தால், அதையும் பத்திரத்தில் எழுதுங்கள். கழித்த தொகையும் விலையில் சேர்ந்ததுதான்.