நிமிர்வதற்கு முன்னால் கவனிப்போம்: உடம்பின் பழக்கங்களை அறிய ஒரு தொடக்கப் பயிற்சி

"கூன் போடாதே, நிமிர்ந்து உட்காரு" என்று சொன்னதும் நெஞ்சைத் தள்ளி விறைப்பாக உட்காருவோம். இரண்டு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். இது சோம்பல் இல்லை. எது நேர், எது கோணல் என்று மூளைக்குச் சொல்வது தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வுகள்தான். வருடக்கணக்கில் தலையை முன்னால் நீட்டி வேலை செய்பவருக்கு அதுவே நேராகப் படும். அதனால் திருத்துவது அப்புறம். முதலில் பார்க்கப் பழகுவோம்.

வேலூர்ப் பக்கம் இது பலருக்கும் தேவை. குடியாத்தத்தில் தறியில் உட்காருபவர்கள், மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் பார்வை கீழே, கை முன்னால். தலை ஏறக்குறைய 5 கிலோ எடை. அது தோளைத் தாண்டி முன்னால் போகப் போக, பிடரித் தசைகளுக்குப் பாரம் கூடுகிறது.

முதல் படி: பக்கவாட்டில் ஒரு வீடியோ

கண்ணாடி முன் நின்றால் நம்மை அறியாமல் சரிசெய்துகொள்வோம். அதனால் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் வேலை செய்வதைப் பக்கவாட்டில் பத்து நிமிடம் படம் எடுங்கள். காது தோளுக்கு நேராக இருக்கிறதா? பல்லைக் கடிக்கிறீர்களா? பார்த்தால் போதும், எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: தொடங்கும் நொடியைப் பிடிப்பது

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் கவிதையும் வசனமும் ஒப்பிப்பவர். அவருக்கு அடிக்கடி குரல் கம்மியது. கண்ணாடிகள் முன் நின்று தன்னையே கவனித்தார். பேசத் தொடங்கும்போதே தலையைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து, குரல்வளையை அழுத்துவது தெரிந்தது. தெரிந்த பிறகும் உடனே மாற்ற முடியவில்லை. "பேசப் போகிறேன்" என்ற எண்ணம் வந்ததுமே கழுத்து இறுகிவிட்டது. அந்த எண்ணம் வந்த நொடியில், உடனே பேசாமல் சற்று நிறுத்திக்கொள்ளக் கற்ற பிறகுதான் மாற்றம் வந்தது.

நீங்கள் நாற்காலியில் இதைச் செய்து பாருங்கள். எழ வேண்டும் என்று தோன்றியதும் எழாதீர்கள். ஒரு மூச்சு விடுங்கள். கழுத்து, தொடை, தாடை, எது இறுகியது? அது தளரட்டும். இப்போது எழலாம், எழாமலும் இருக்கலாம். எழாமல் இருப்பதும் பயிற்சிதான். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே நல்லது.

மூன்றாம் படி: எங்கே வளைவது

பலர் இடுப்பில் பெல்ட் கட்டும் இடத்தில் வளைகிறார்கள். உண்மையான மூட்டு அதற்குக் கீழே, தொடை மடியும் இடத்தின் உள்ளே இருக்கிறது. குடம் தூக்கும்போது அங்கிருந்து மடங்குங்கள், முழங்காலும் மடங்கட்டும்.

நான்காம் படி: பாயில் படுத்தல்

தலைக்கு இரண்டு மூன்று புத்தகம் வைத்து மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கி, பாதம் தரையில். பத்து பதினைந்து நிமிடம், கண்ணைத் திறந்தபடி. தூங்கிவிட்டால் கவனிப்பு போய்விடும்.

ஐந்தாம் படி: மனிதர்கள் நடுவே

தாலுகா ஆபீஸ் ஜன்னல் முன்னால் தோள் குறுகிவிடுகிறதா? வயசுப் பெண்கள் துப்பட்டாவைச் சரிசெய்து சரிசெய்தே தோளை உள்ளே மடக்கிக்கொள்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரியாதை காட்டுவது வேறு, உடம்பைச் சுருக்கிக்கொள்வது வேறு. பதில் சொல்லும் முன் பாதம் இரண்டும் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள், மூச்சு வெளியே போகட்டும், அப்புறம் பேசுங்கள். காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, யாரிடமும் பேச வேண்டாத நேரத்தில், முதலில் பழகிக்கொள்ளலாம்.

நேராக நிற்க முடியாதவர்களுக்கும் இது பொருந்தும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

கை மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.